எழுத்தே துணை!

தோழனே!

கொரியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறவன் கையிலே என்ன கொண்டு போக வேண்டும்? கேட்டுப் பார், ஆளுக்கொரு பதில் வரும். பணம் என்பான் ஒருவன். கம்பளிச் சட்டை என்பான் இன்னொருவன். ஊறுகாய்ப் புட்டியை மறந்துவிடாதே என்பாள் தாய். மூவர் சொல்வதும் நியாயம்தான். நான் சொல்வது வேறு. 24 எழுத்துகளைக் கொண்டு போ! அதற்கு எடை இல்லை, சுங்கம் இல்லை, திருடன் பயம் இல்லை. அந்த 24 எழுத்தும் உன் கண்ணிலே குடியேறிவிட்டால், அந்நாட்டிலே எவனும் உன்னைக் கைப்பிடித்து இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. உன் காலே உனக்கு வாகனம். உன் கண்ணே உனக்கு வழிகாட்டி!

"கொரியா எங்கே, நாம் எங்கே?" என்று கேட்காதே. இருங்காட்டுக்கோட்டையிலே 1998 முதல் கொரியக் கம்பெனியின் கார் உருவாகிறது. நம் தொழிலாளியின் கை செய்கிறது. அந்நாட்டுத் தொடர்கள் நம் வீட்டுக் கூடத்திலே ஓடுகின்றன. அந்நாட்டுப் பாட்டை நம் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழாதா? எழும். எழுந்தால் தவறென்ன? ஆனால் எப்படிப் போவது என்பதிலேதான் இருக்கிறது மானமும் நட்டமும்.

கூட்டத்தோடு போகிறவன் கதையைக் கேள். கொடி பிடித்தவன் முன்னே, கூட்டம் பின்னே. அரண்மனை வாசலில் அரை மணி நேரம். படம் பிடித்தாயா, ஏறு வண்டியிலே! ஜின்செங் வேர் விற்கும் கடையிலே ஒரு மணி நேரம். அழகுச் சாமான் கடையிலே இன்னொரு மணி நேரம். சோறு எங்கே, தூக்கம் எங்கே, சிரிப்பு எப்போது — எல்லாம் கொடி பிடித்தவன் இட்ட கட்டளை. முதியவருக்கும் நோயுற்றவருக்கும் அப்படியொரு துணை வேண்டும்; அதைக் குறை கூறேன். ஆனால் ஆலையிலே எட்டு மணி நேரம் சங்கு சொன்னபடி நடந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலே ஒருமுறை வெளிநாடு போகிற உழைப்பாளி, அங்கேயும் சங்குக்குக் கட்டுப்பட வேண்டுமா?

வேண்டாம் என்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் துணிவை எனக்குத் தருவது அந்நாட்டு எழுத்து.

அது பிறந்த கதை அறிவாயா? கொரியர்கள் பேசியது கொரிய மொழி. எழுதியதோ சீன எழுத்து. ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள். படித்த பிரபுவுக்கு அது பெருமை. ஏர் பிடித்தவனுக்கு அது இரும்புக் கதவு. அந்தக் கதவைக் கண்டு மனம் பொறாத மன்னர் செஜோங், 1443-ஆம் ஆண்டு 28 எழுத்துகளை உருவாக்கினார். 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். மனத்தில் உள்ளதைச் சொல்ல வழியில்லாமல் தவிக்கும் எளிய மக்களுக்காகவே இதைச் செய்தேன் என்று காரணமும் எழுதி வைத்தார். புலவர்கள் சும்மா இருந்தார்களா? 1444-இல் சே மன்-ரி என்ற அரசவை அறிஞர் தலைமையிலே எதிர்ப்பு மனு! பெரிய சீனத்தின் எழுத்தை விட்டுத் தனி எழுத்துக் காண்பது காட்டுமிராண்டித்தனம் என்று வாதம்! மன்னர் மசியவில்லை. எழுத்து நின்றது. இன்று 24 அடிப்படை எழுத்துகள். ஹங்குல் என்று பெயர். தென்கொரியாவிலே ஆண்டுதோறும் அக்டோபர் 9 அந்த எழுத்துக்கான விடுமுறை நாள். எழுத்துக்கு விழா எடுக்கும் நாடு, தோழனே!

கற்பது கடினமோ என்று மலைக்காதே. வாயைப் பார்த்து வரைந்த எழுத்து அது. உதடு மூடி ஒலிக்கும் 'ம'வுக்கு, மூடிய வாய் போல ஒரு சதுரம். நாக்கு நுனி மேலே தொடும் 'ந'வுக்கு, வளைந்த நாக்குப் போல ஒரு மூலைக் கோடு. பல்லிடை ஒலிக்கும் 'ஸ'வுக்குப் பல் போன்ற வடிவு. தொண்டைக்கு ஒரு வட்டம். மூச்சைக் கூட்டி உச்சரித்தால் ஒரு கோடு கூடும், அவ்வளவுதான். மெய்க்குச் சேயொலி என்றும் உயிருக்குத் தாயொலி என்றும் பொருள்படும் பெயர்கள். தாயும் சேயும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் அமரும். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று திண்ணைப் பள்ளியிலே படித்தவன் நீ; உனக்கா இது புரியாது? அறிவுள்ளவன் ஒரு காலைப் பொழுதுக்குள் கற்பான், மந்தமானவனும் பத்து நாளிலே கற்பான் என்று செஜோங்கின் அறிஞர்களே கணக்குச் சொன்னார்கள். நாம் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்வோம். விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களே போதும்!

விசா என்றதும் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையவன் முன்கூட்டியே விசா வாங்கித்தான் போக வேண்டும். சுற்றுலா விசா, சுற்றிப் பார்க்க மட்டுமே. "அதிலே போ, அங்கே வேலை வாங்கித் தருகிறேன்" என்று தரகன் எவனாவது தேன் தடவிப் பேசினால், அவன் உன் பணத்துக்கும் உன் சுதந்திரத்துக்கும் ஒரே நேரத்தில் குழி வெட்டுகிறான் என்று அறிந்துகொள். நாள் கடந்து தங்காதே. நோய் வந்தால் செலவு தாங்க வேண்டுமே, அதற்குப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்.

இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்குகிறாய். தலைநகர் சியோலுக்கு ரயில் காத்திருக்கிறது. நில்லாமல் போகும் வண்டி முக்கால் மணிக்குள் சேர்க்கும். நின்று நின்று போகும் வண்டிக்கு ஏறத்தாழ ஒரு மணி, கட்டணமும் குறைவு. உழைப்பாளிக்கு இரண்டாவதே போதும். மூலைக் கடையிலே டி-மணி என்ற அட்டை ஒன்று வாங்கிக் காசு ஏற்றிக்கொள். கையில் நோட்டு இருக்கட்டும், பல இயந்திரங்கள் நோட்டைத்தான் ஏற்கும். ரயிலோ பேருந்தோ, ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தொட்டுக் காட்டு. இறங்கும்போது காட்டி, அரை மணிக்குள் வேறு வண்டி மாறினால், புதிதாக முழுக் கட்டணம் பிடிக்காது. ரயிலிலே உரக்கப் பேசாதே. முதியோருக்கான இருக்கை காலியாகவே கிடந்தாலும் உட்காராதே.

சியோல் நிலையத்தில் இறங்கினால் ஓடிவிடாதே. புதிய நிலையத்தின் பக்கத்திலே செங்கல்லால் எழுந்த பழைய நிலையம் நிற்கும். ஜப்பானியர் ஆட்சியில் 1925-இல் கட்டியது, இன்று கலைக்கூடம். அந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியிலே. 1938-க்குப் பின் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி விரட்டப்பட்டது. 1940-இல் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்று என்றனர். அந்த இருளிலே கொரிய மொழிக் கழகத்தார் அகராதி தொகுத்தார்கள். ஊர் ஊராகச் சொல் சேர்த்தார்கள். 1942-இல் கைது! கைப்பிரதி பறிமுதல்! சிறையிலே இருவர் மாண்டனர். 1945 ஆகஸ்டில் விடுதலை வந்தது; கைப்பிரதி எங்கே? தேடினார்கள். செப்டம்பரிலே, இதே ரயில் நிலையக் கிடங்கிலே, மூட்டையாய்க் கிடந்தது! அதைக் கொண்டுதான் 1947-இல் முதல் தொகுதி. 1957-இல் ஆறாம் தொகுதியோடு அகராதி நிறைந்தது. நீ ஒரு பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாயே, அந்தப் பலகையிலே கொரியச் சொல் இருப்பதற்கு இத்தனை பேர் விலை கொடுத்திருக்கிறார்கள்.

"பெரிய நிலையங்களிலே ஆங்கிலமும் எழுதியிருக்கிறதே, பிறகெதற்கு ஹங்குல்?" என்று ஒருவர் கேட்பார். உண்மை, எழுதியிருக்கிறது. ஆனால் சந்துக்குள்ளே இருக்கும் சோற்றுக்கடையில் எழுதியிருக்கிறதா? கிராமத்துப் பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கிறதா? சுவையும் சிக்கனமும் அந்தச் சந்திலேதான்! பொதுக் குளியலறைக்குப் போகிறாய். ஜிம்ஜில்பாங் என்பார்கள், வெந்நீர்த் தொட்டியும் சூடான அறையும் உண்டு, ஆடையின்றிக் குளிக்க வேண்டும். 'நாம்' என்ற எழுத்து ஆண்கள் பக்கம். 'யோ' என்ற எழுத்துப் பெண்கள் பக்கம். ஓர் எழுத்தைப் படிக்கத் தவறினால் என்ன ஆகும்? நான் சொல்ல வேண்டுமா! குளித்தபின் அவர்கள் தரும் உடையை உடுத்தி, ஆணும் பெண்ணும் குழந்தையும் குடும்பமாய் அமரும் பொதுக்கூடத்திலே அவித்த முட்டை தின்று, இனிப்பான அரிசிப் பானம் குடித்துப் படுத்தால், நாலு நாள் நடந்த கால்வலி பறக்கும்.

உணவுக்கும் எழுத்தே காவல். 'சோ' என்றால் மாடு. 'தேஜி' என்றால் பன்றி. 'கோகி' என்றால் இறைச்சி. உனக்கு ஆகாதது எது என்று பலகையிலேயே தெரிந்துகொள்ளலாம். மரக்கறி மட்டும் உண்பவன் எச்சரிக்கையாய் இருக்க வேண்டும். காய்கறிச் சாறு என்று நினைப்பதிலே நெத்திலி கொதித்திருக்கும், கிம்சியிலே மீன் உப்புச் சேர்ந்திருக்கும். புத்த மடங்களிலே இறைச்சியும் மீனும் இல்லாச் சோறு கிடைக்கும். அங்கே தங்கி, விடியலில் எழுந்து மணியோசை கேட்கவும் 2002 முதல் ஏற்பாடு இருக்கிறது. கடையிலே தொடுகறிகள் தனிக்காசு இன்றி வரும். தீர்ந்தால் கேள், பொதுவாக மீண்டும் தருவார்கள். இனாம் கொடுக்கும் வழக்கம் இல்லை. கூலிக்கு மேல் பிச்சை போல் நீட்டாதே. இரு கையால் பணம் கொடு, நன்றி சொல், போதும். சோற்றிலே குச்சியைச் செங்குத்தாய்க் குத்தி வைக்காதே. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

அரண்மனை பார். கியோங்போக்குங் — 1395-இல் எழுந்தது, 1592-இல் எரிந்தது, 19-ஆம் நூற்றாண்டில் மீண்டது. செவ்வாயன்று மூடியிருக்கும். ஹான்போக் என்னும் அவர்கள் மரபுடை உடுத்திப் போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. அதன் முகத்தை மறைத்து ஜப்பானியர் கட்டிய ஆட்சி மாளிகையை 1995-இல் இடிக்கத் தொடங்கி அகற்றியே விட்டார்கள். எதிரே உள்ள சதுக்கத்திலே செஜோங் அமர்ந்திருக்கிறார், கையிலே நூலோடு.

ஆனால் அரண்மனையோடு திரும்பிவிட்டால் பாதி கொரியாதான் பார்த்தவனாவாய். அங்கிருந்து கிழக்கே நட. 1905-இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தை. பயற்றம் அடை கல்லிலே சொரிகிற ஓசை! தின்றுவிட்டுச் சியோங்யேச்சியோன் ஓடைக்கரைக்கு வா. பாலத்தின் மேலே ஓர் இளைஞன் சிலை. ஜியோன் தே-இல் அவன் பெயர். பக்கத்திலிருந்த ஆடைச் சந்தையிலே துணி வெட்டும் தொழிலாளி. நிமிர்ந்து நிற்க முடியாத மாடத்தட்டுகளிலே, சிறு பெண்கள், விடிந்தது முதல் இரவு வரை தைத்தார்கள். தூசியை மூச்சாக இழுத்தார்கள். தன் பேருந்துக் காசிலே அவர்களுக்குப் பலகாரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனவன் அவன். தொழிலாளர் சட்டம் ஒன்று இருக்கிறது என்று அறிந்தான், புத்தகம் வாங்கினான், படிக்க உட்கார்ந்தான். படிக்க முடியவில்லை! சட்டம் சீன எழுத்துகளால் நிறைந்திருந்தது. கல்லூரியிலே படித்த நண்பன் ஒருவன் எனக்கு இருந்திருந்தால் என்று ஏங்கினான். செஜோங் திறந்த கதவை, ஐந்நூறு ஆண்டு கழித்தும், சட்டம் எழுதியவர்கள் தொழிலாளி முகத்திலே சாத்தி வைத்திருந்தார்கள்! 1970 நவம்பர் 13 அன்று, அந்தச் சட்டத்தை நிறைவேற்று, நாங்கள் இயந்திரங்கள் அல்ல என்று முழங்கியபடி தன்னைத் தீக்கு இரையாக்கினான். வயது 22. அந்த நெருப்பிலே கண் விழித்தது கொரியத் தொழிலாளர் இயக்கம். கொடி பிடித்தவன் இந்தப் பாலத்துக்கு உன்னை அழைத்து வருவானா? எழுத்தறிந்த நீ தானே வந்து சேரலாம்.

தெற்கே குவாங்ஜூ நகருக்கு விரைவு ரயிலிலே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 1980 மே 18-இல் இராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த ஊர். சுட்டார்கள், மாண்டார்கள், மாளும்போதும் சந்தைப் பெண்கள் சோற்றுருண்டை பிடித்துப் போராடியவர்களுக்கு ஊட்டினார்கள். அங்கே 518 என்ற எண்ணுள்ள நகரப் பேருந்து ஓடுகிறது. ஐந்தாம் மாதம் பதினெட்டாம் நாள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். தியாகிகள் துயிலும் இடத்துக்கு அது உன்னைக் கொண்டு சேர்க்கும்.

ஜெஜு தீவுக்குப் போ. மூச்சுக் கருவி ஏதுமின்றிக் கடலுக்குள் மூழ்கிச் சிப்பியும் சங்கும் எடுக்கும் ஹேன்யோ பெண்கள். மேலே வந்து மூச்சு விடும்போது சீழ்க்கை போல் ஓர் ஒலி. 1932-இல் ஜப்பானியச் சுரண்டலை எதிர்த்துத் திரண்டவர்கள் இவர்கள். 2016-இல் உலக மரபாக யுனெஸ்கோ ஏற்றது இவர்கள் வாழ்வை. அதே தீவைச் சுற்றி, சு மியோங்-சுக் என்ற பத்திரிகையாளர் 2007-இல் தொடங்கிய ஓல்லே நடைபாதைகள். நீல நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் கட்டிய நாடாவைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2012-இல் அந்தப் பாதையிலே தனியே நடந்த பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பாதுகாப்பான நாடு என்பது உண்மை. உணவுக்கடை மேசையிலே கைபேசியை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள்; வந்து பார்த்தால் இருக்கிறது. நள்ளிரவிலும் பெண்கள் தெருவிலே நடக்கிறார்கள். ஆனாலும் தீமையே இல்லாத நாடு உலகிலே உண்டா? ஒளித்து வைத்த காமிராவினால் பெண்களைப் படமெடுக்கும் கயமையை எதிர்த்து 2018-இல் அந்நாட்டுப் பெண்களே பல்லாயிரமாய்த் திரண்டார்கள். 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இதேவோன் சந்திலே நெரிசலில் சிக்கி 159 உயிர் போயிற்று. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே பாதையை முடி. தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போ. கூட்டம் நெஞ்சை அழுத்தும் முன்பே பக்கத் தெருவுக்கு விலகு. அறியாதவன் நீட்டும் குடிவகையை வாங்காதே. வாடகைக் காரிலே மீட்டர் ஓடுகிறதா என்று பார்.

எண்கள் மூன்றை மனத்தில் எழுதிக்கொள். காவலுக்கு 112. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. பயணியின் ஐயத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் 1330. தமிழ் பேசமாட்டார்கள், ஆங்கிலம் பேசுவார்கள். தேசியப் பூங்கா மலைகளிலே பாதையோரம் எண் எழுதிய கம்பங்கள் நிற்கும். கால் பிசகினால் அந்த எண்ணைச் சொன்னால் போதும், மீட்க வருகிறவன் உன் இடத்தை அறிவான். கைபேசி வரைபடத்திலே அந்நாட்டார் பயன்படுத்தும் நேவர், காக்காவ் இரண்டையும் ஏற்றிக்கொள்; நாம் இங்கே பழகிய வரைபடம் அங்கே பல்லாண்டு நடைவழி காட்டத் தடுமாறியது.

ஊர்வலம் கண்டால் உனக்குக் கால் நிற்காது, அறிவேன்! முழக்கம் கேட்டால் கை தானாக உயரும். அங்கே உயர்த்தாதே. வெளிநாட்டார் அரசியலில் ஈடுபடுவதை அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் தடுக்கிறது. ஒதுங்கி நின்று பார், உரிமை அவர்களுடையது. வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் பன்முன்ஜோம் எல்லையைக் காண மட்டும் அனுமதி பெற்ற குழுவோடுதான் போக முடியும். 1953-இல் போர் நிறுத்தந்தான் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்னும் இல்லை. அங்கே கொடி பிடித்தவன் பின்னாலேயே நட. அது அடிமைத்தனமல்ல, அறிவு.

தனியாகப் போவது என்றால் திமிராகப் போவது என்று பொருள் கொள்ளாதே. சியோலில் புக்சோன் என்ற பகுதி; ஓடு வேய்ந்த பழைய வீடுகள், அழகான சந்துகள். ஆனால் அவை காட்சிச்சாலை அல்ல, மக்கள் குடியிருக்கும் வீடுகள்! விடிகாலையிலும் இரவிலும் சன்னலுக்குள் எட்டிப் பார்த்துக் கூச்சலிட்ட பயணிகளால் அவர்கள் தூக்கம் இழந்தார்கள். முடிவு என்ன? அதன் ஒரு பகுதியிலே காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரைதான் பயணிகள் நடக்கலாம் என்று 2024-இல் கட்டுப்பாடு. 2025 முதல் மீறினால் 1,00,000 வோன் அபராதம். உழைத்துவிட்டு உறங்குகிறவன் வாசலிலே நின்று நம் தெருவிலே ஒருவன் கூச்சலிட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த நினைப்பு ஒன்று போதும், எந்த நாட்டிலும் நாகரிகமாய் நடக்கலாம்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். தந்தையை அவர்களும் 'அப்பா' என்றே அழைப்பார்கள். தாயை 'ஓம்மா' என்பார்கள். கேட்டதும் நெஞ்சு குளிரும். குளிரட்டும்! அதற்காக, உங்கள் மொழி எங்களிடமிருந்து வந்ததுதான் என்று அங்கே போய் மார் தட்டாதே. அறிஞர்கள் ஆராய வேண்டியதை நாம் அளந்துவிடக் கூடாது. அந்த 'அப்பா'வைக் கேட்டுச் சிரி, அவர்களும் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பே உறவு.

எளியவன் எவன் தயவும் இன்றித் தானே படிக்க வேண்டும் என்று பிறந்த எழுத்து அது. பிரபுக்கள் பழித்தும் நின்றது. அந்நியன் அழிக்க முனைந்தும் நின்றது. அதை ஒரு வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போகிற தொழிலாளி, அந்நாட்டிலே அந்நியனாய் இறங்கமாட்டான். கைப்பிடித்து நடத்தப்படும் குழந்தையாகவும் இறங்கமாட்டான். விருந்தினனாக, நிமிர்ந்த தலையோடு இறங்குவான்.

இன்றிரவே நோட்டும் பென்சிலும் எடு, தோழனே. மூடிய வாய் போல ஒரு சதுரம் போடு. 'ம'! ஒன்று முடிந்தது, இனி இருபத்து மூன்றுதான்!